டாலஸிலிருந்து ஒரு வார ஆர்.வி. பயணம்: மூன்று ஸ்டேட் பார்க், நல்ல நடை

கேள்வி: டாலஸில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோடு சேர்த்து நான்கு பெரியவர்கள். 7, 10 வயதில் இரண்டு பிள்ளைகள். அக்டோபரில் ஒரு வாரம் 25 அடி ஆர்.வி. (படுக்கை, அடுப்படி, கழிப்பறையோடு இருக்கும் வண்டி) வாடகைக்கு எடுத்து டெக்சஸ் ஸ்டேட் பார்க்குகளில் தங்கி ஹைக்கிங் போக நினைக்கிறோம். எங்கே போகலாம்? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

முதல் முறை போகிறவர்கள் ஏழு நாளில் ஆறு பார்க் என்று பட்டியல் போட்டுவிடுவார்கள். பாதி விடுமுறை வண்டியைக் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலுமே போய்விடும். ஆர்.வி.யை வீடாக நினைத்துத் திட்டம் போடுங்கள். ஓரிடத்தில் இரண்டு ராத்திரி நிற்கட்டும், நீங்கள் நடந்து திரியுங்கள். பின்னால் கார் இழுத்துப் போகாதவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ட்ரெயில் தொடங்கும் இடம் கேம்ப்சைட்டிலிருந்து 3 மைல் என்றால், கரண்ட் வயரையும் தண்ணீர் ஹோஸையும் கழற்றி, ஸ்லைடை (பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதியை) உள்ளே இழுத்து, அடுப்படிப் பாத்திரத்தையெல்லாம் அடுக்கிவிட்டுத்தான் கிளம்ப முடியும். போய்ச் சேர்ந்தால் அங்கே 25 அடி வண்டிக்கு இடம் இருக்காது.

உங்களுக்கு நான் சொல்வது 287ஆம் நெடுஞ்சாலை வழியாக வடமேற்கே போவது. காப்பர் பிரேக்ஸில் ஒரு ராத்திரி, கேப்ராக் கேன்யன்ஸில் இரண்டு, பாலோ டூரோ கேன்யனில் இரண்டு, திரும்பும்போது விச்சிட்டா ஃபால்ஸ் அருகே லேக் ஆரோஹெட்டில் ஒன்று. மொத்தம் சுமார் 800 மைல். இந்த அளவு வண்டி ஒரு கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் கொடுக்கும், அதனால் 80 முதல் 100 கேலன் பெட்ரோல் என்று கணக்கு வையுங்கள். பள்ளத்தாக்கு நடைக்கு அக்டோபர் அருமையான மாதம். ஏப்ரல், மே என்றால் ஆலங்கட்டி மழை, சூறாவளிப் பயம். ஜூலை, ஆகஸ்ட் என்றால் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம் என்பேன்.

வண்டியை முன்பதிவு செய்யும்போதே சீட் பெல்ட்டை எண்ணிக் கேளுங்கள். "ஆறு பேர் படுக்கலாம்" என்று போட்டிருப்பதால் ஆறு பேருக்கு பெல்ட் இருக்கும் என்று அர்த்தமில்லை. டெக்சஸ் சட்டப்படி 8 வயது ஆகாத பிள்ளை 4 அடி 9 அங்குலம் உயரத்தை எட்டியிருந்தாலொழிய குழந்தை இருக்கையில்தான் உட்கார வேண்டும். உங்கள் 7 வயதுப் பிள்ளைக்கு பூஸ்டர் (உட்காரும் உயரத்தைக் கூட்டும் குழந்தை இருக்கை) கட்டாயம், அது முன்பக்கம் பார்த்த இருக்கையில்தான் ஒழுங்காக நிற்கும். பக்கவாட்டு சோஃபாவில் வைக்கக் கூடாது. டிரைவருக்கு மேலே இருக்கும் மெத்தையில் பிள்ளைகள் படுத்துக்கொண்டு வரலாம் என்ற ஆசையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். லைசென்ஸ் கவலை வேண்டாம், 26,000 பவுண்டுக்குக் கீழே சாதாரண லைசென்ஸே போதும். ஆனால் உங்கள் கார் இன்ஷூரன்ஸ் வாடகை ஆர்.வி.க்கும் செல்லுமா என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல பாலிசிகளில் செல்லாது.

வண்டியை முந்தின நாளே எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் காட்டி விளக்கவே ஒரு மணி நேரம் ஆகும். சனிக்கிழமை மதியம் எடுத்து அன்றே கிளம்பினால் இருட்டில் போய்ச் சேர்ந்து, டார்ச் வெளிச்சத்தில் ரிவர்ஸ் எடுக்க வேண்டிவரும்.

பார்க் முன்பதிவு பற்றி. டெக்சஸில் கேம்ப்சைட்டை 5 மாதம் முன்பே பதிவு செய்யலாம். அக்டோபர் வார இறுதிக்கு மே மாதமே உட்கார வேண்டும். வார நாட்களில் கொஞ்சம் தாமதமாகத் தேடினாலும் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் சனிக்கிழமை கிளம்பும் கணக்கில், கூட்டம் அதிகம் வரும் பாலோ டூரோவை செவ்வாய், புதனில் வைத்திருக்கிறேன். ஒரு சைட்டில் 8 பேர் வரை தங்கலாம். பதிவுப் பக்கத்தில் ஒவ்வொரு சைட்டுக்கும் எத்தனை அடி வண்டி நிற்கும், கரண்ட் இணைப்பு 30 ஆம்ப்பா 50 ஆம்ப்பா என்று இருக்கும். பெரும்பாலான சைட்டுகளில் தண்ணீரும் கரண்டும் மட்டும்தான், கழிவுநீரைப் பொது டம்ப் ஸ்டேஷனில் கொட்ட வேண்டும். செக்-இன் மதியம் 2 மணி, காலி செய்வது 12 மணி. இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது.

கேம்ப்சைட் வாடகை கட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தினசரி நுழைவுக் கட்டணம் தனி. பாலோ டூரோவில் பெரியவருக்கு ஒரு நாளைக்கு 8 டாலர் என்று வைத்தால் உங்கள் நால்வருக்கு 32. 12 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். 70 டாலருக்கு ஓராண்டு டெக்சஸ் ஸ்டேட் பார்க்ஸ் பாஸ் வாங்கினால் அதே வண்டியில் வரும் எல்லோருக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. இந்த ஒரு பயணத்திலேயே போட்ட காசு திரும்பிவிடும். நேஷனல் பார்க் பாஸ் ஸ்டேட் பார்க்கில் செல்லாது, அதைக் காட்டி வாதாட வேண்டாம்.

முதல் நாள் டாலஸிலிருந்து குவானா ஊர் சுமார் 220 மைல், அங்கிருந்து தெற்கே 13 மைலில் காப்பர் பிரேக்ஸ். காரில் மூன்றரை மணி நேரம் என்றால் ஆர்.வி.யில் நான்கரை என்று வையுங்கள். 287இல் பக்கவாட்டுக் காற்று பலமாக அடிக்கும். உயரமான வண்டி, லாரி கடந்து போகும்போது ஒரு பக்கம் உறிஞ்சி இழுத்து விட்டதுபோல் ஆடும். மணிக்கு 60 மைலைத் தாண்டாதீர்கள், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். கிளம்பும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று பாருங்கள், எவ்வளவு என்பது டிரைவர் கதவருகே ஒட்டியிருக்கும். டயர் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களையும் பாருங்கள்: 2319 என்றால் 2019இன் 23வது வாரத்தில் செய்தது. ஆர்.வி. டயர் தேய்வதற்கு முன்பே வயதாகி வெடிக்கும். ஏழு வயதைத் தாண்டிய டயரோடு வண்டி கொடுத்தால் வேறு வண்டி கேளுங்கள்.

காப்பர் பிரேக்ஸ் சின்ன பார்க். அங்கே பார்க்க வேண்டியது வானம். சர்வதேச அளவில் இருண்ட வானப் பூங்கா என்று அங்கீகாரம் பெற்ற இடம். நிலா இல்லாத ராத்திரியில் பால்வெளி தெளிவாகத் தெரியும். அமாவாசையை ஒட்டித் தேதி அமைந்தால் பயணத்தை அப்படியே நகர்த்தலாம், அந்த அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது.

முதல் ராத்திரிதான் தவறுகள் நடக்கும் ராத்திரி, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வண்டியை உள்ளே விடும் முன் இறங்கி நடந்து பாருங்கள்: தலைக்கு மேல் கிளை, ஸ்லைட் வெளியே வரும் பக்கம் மரம், கரண்ட் பெட்டி எந்தப் பக்கம். அமெரிக்க ஆர்.வி.யில் இணைப்புகள் டிரைவர் பக்கம், பின்பாதியில் இருக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஒருவர் நின்று போனில் வழி சொல்லட்டும். டிரைவர் கண்ணாடியில் அவர் தெரியாவிட்டால் உடனே பிரேக், இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மட்டம். சாய்ந்த தரையில் தாழ்ந்த பக்க டயருக்குக் கீழே பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து ஏற்றுங்கள். தூக்கம் சரியாக வரட்டும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கேஸிலும் கரண்டிலும் ஓடும் பழைய வகை ஃப்ரிட்ஜில் அம்மோனியா திரவம் தானாகவே வழிந்து சுற்றி வர வேண்டும். வண்டி சாய்ந்திருந்தால் அது ஓரிடத்தில் தேங்கி, ஃப்ரிட்ஜ் குளிராமல் போகும், நாளடைவில் கெட்டும் போகும். மட்டம் செய்த பிறகுதான் ஸ்லைடை வெளியே விட வேண்டும்.

கரண்ட் பெட்டியில் பிரேக்கரை ஆஃப் செய்து, சர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென்று ஏறினால் வண்டியைக் காக்கும் கருவி) மாட்டி, வயரைச் செருகி, அப்புறம் ஆன். 25 அடி வண்டி பெரும்பாலும் 30 ஆம்ப்தான். 120 வோல்ட், 30 ஆம்ப் என்றால் மொத்தமே 3,600 வாட். ஏ.சி. மட்டும் 1,500 வாட் தின்னும். கூடவே மைக்ரோவேவ், கரண்டில் ஓடும் வாட்டர் ஹீட்டர் என்று போட்டால் படக்கென்று பிரேக்கர் விழும். ஹீட்டரை கேஸுக்கு மாற்றுங்கள், இன்ஸ்டன்ட் பாட் (கரண்ட் குக்கர்) ஓடும் நேரத்தில் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி இங்கே முக்கி முனகுமே தவிர அரைக்காது. சட்னியை வீட்டிலேயே அரைத்து உறைய வைத்து எடுத்து வாருங்கள்.

தண்ணீர்க் குழாயில் முதலில் பிரஷர் ரெகுலேட்டர், அப்புறம் குடிநீருக்கென்று இருக்கும் வெள்ளை ஹோஸ். பார்க் குழாயின் வேகம் சில இடங்களில் வண்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்புகளைப் பிய்த்துவிடும். ரெகுலேட்டர் தண்ணீரின் அழுத்தத்தை 40 முதல் 50 பி.எஸ்.ஐ.க்குள் அடக்கி வைக்கும். விலை பத்து, பதினைந்து டாலர்தான்.

இனி டேங்க். குளியல், பாத்திரத் தண்ணீர் போவது கிரே டேங்க், கழிப்பறையினுடையது பிளாக் டேங்க். இந்த அளவு வண்டியில் ஒவ்வொன்றும் சுமார் 30 கேலன். பலரும் பிளாக் டேங்க்கைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், உண்மையில் முதலில் நிரம்புவது கிரே. ஆறு பேர் உள்ளே குளித்தால் ஒரே நாளில் ஷவர் தட்டு வழியாகத் தண்ணீர் எதிர்த்து ஏறும். பார்க் குளியலறைக்குப் போய்க் குளியுங்கள், வெந்நீர் வரும். அரிசி கழுவிய தண்ணீர், குழம்புச் சட்டியின் எண்ணெய்ப் படிவு, பருப்பு, கறிவேப்பிலை எதையும் சிங்க்கில் கொட்டாதீர்கள். காகிதத்தால் சட்டியைத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். எண்ணெய் டேங்க் சுவரில் ஒட்டி நாறும், சென்சாரும் எப்போதும் "நிரம்பியது" என்றே காட்டிக்கொண்டிருக்கும். தாளிப்பதை வெளியே மேசையில் கேஸ் ஸ்டவ் வைத்துச் செய்யுங்கள். வண்டிக்குள் ஒரு முறை மிளகாய் தாளித்தால் ஸ்மோக் அலாரம் அலறும், மெத்தையில் வாசம் ஒரு வாரம் நிற்கும், திருப்பிக் கொடுக்கும்போது சுத்தம் செய்யும் கட்டணமும் சேரும்.

பிளாக் டேங்க் வால்வை எப்போதும் மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் திரவம் மட்டும் ஓடி, திடப்பொருள் அடியில் மேடாக இறுகிவிடும். பிறகு அதை எடுக்க ஆளைக் கூப்பிட வேண்டும். கழிப்பறையில் தண்ணீரைத் தாராளமாக விடுங்கள், எளிதில் கரையும் காகிதம் மட்டும் போடுங்கள். டேங்க் மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பிய பிறகு கொட்டினால்தான் வேகத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். டம்ப் ஸ்டேஷனில் கையுறை போட்டு, ஹோஸை முதலில் வண்டியில் மாட்டித் திருகி, மறுமுனையைத் தரைத் துளையில் இறக்கி அதன்மேல் கல் வையுங்கள். முதலில் பிளாக்கைத் திறந்து முழுக்க ஓடவிட்டு மூடுங்கள். அப்புறம் கிரே, சோப்புத் தண்ணீர் ஹோஸைத் தானே கழுவிவிடும். கடைசியில் கழிப்பறை வழியாக 2, 3 கேலன் தண்ணீரும் டேங்க் மருந்தும். அங்கே இருக்கும் கழுவும் குழாயில் குடிதண்ணீர் பிடிக்கவே கூடாது.

இரண்டாம் நாள் சில்ட்ரஸில் பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு சின்னச் சின்ன ஊர்கள்தான். எஸ்டலின் ஊரில் 86ஆம் சாலையில் திரும்பி டர்க்கி, அப்புறம் கிட்டிக்வே. டர்க்கி, வெஸ்டர்ன் ஸ்விங் இசைக்குப் பேர்போன பாப் வில்ஸ் வளர்ந்த ஊர், அவருக்கு ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. 2 மணிக்கு முன் சைட் கிடைக்காது என்பதால் இடைப்பட்ட நேரத்துக்கு அது சரியாக வரும்.

கேப்ராக் கேன்யன்ஸில் ஹனி ஃப்ளாட் பகுதியில்தான் தண்ணீரும் கரண்டும் உள்ள சைட்டுகள். இங்கே பைசன்கள் (அமெரிக்கக் காட்டெருமைகள்) பார்க் முழுக்கச் சுதந்திரமாகத் திரியும், கேம்ப்சைட்டுக்குள்ளும் வரும். 1870களில் பண்ணைக்காரர் சார்லஸ் குட்நைட்டும் அவர் மனைவி மேரி ஆனும் அழியாமல் காப்பாற்றிய மந்தையின் வழித்தோன்றல்கள், 1997இல் இந்த பார்க்குக்கு வந்தவை. விதி: 50 கஜம் தள்ளி நில்லுங்கள். மாடு மாதிரி சாதுவாக மேய்வதைப் பார்த்து நம் ஊர்ப் பெரியவர்கள் பக்கத்தில் போய்த் தட்டிக்கொடுக்கப் பார்ப்பார்கள், முதலிலேயே சொல்லி வையுங்கள். ஓட்டத்தில் மனிதனைவிட அது வேகம். வாலை நிமிர்த்தினால் கோபம் என்று அர்த்தம். மேசைக்கு அருகே வந்துவிட்டால் சாப்பாட்டை விட்டுவிட்டு வண்டிக்குள் ஏறுங்கள்.

ஹனி ஃப்ளாட்டைத் தாண்டி உள்ளே போகும் சாலை செங்குத்தாக ஏறி இறங்கும். பெரிய ட்ரெயில்கள் அந்தக் கடைசியில்தான். ஆர்.வி.யை அங்கே ஓட்டலாமா, நிறுத்த இடம் உண்டா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அப்பா அம்மாவுக்கு லேக் தியோ ஏரியைச் சுற்றிக் காலை நடை போதும். பழைய ரயில் தடத்தில் போட்ட 64 மைல் ட்ரெயில்வேயும் இந்த பார்க்கைச் சேர்ந்தது, மட்டமான பாதை. அதில் வௌவால்கள் குடியிருக்கும் கிளாரிட்டி டனல் புகழ்பெற்றது, ஆனால் ஒரு வழிக்கே 4 மைலுக்கு மேல். அந்தப் பகுதி திறந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் சில்வர்ட்டன், டூலியா, கேன்யன் ஊர்கள் வழியாக பாலோ டூரோ, சுமார் 90 மைல். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யனுக்கு அடுத்த பெரிய பள்ளத்தாக்கு. சமவெளியில் ஓட்டிக்கொண்டே வருவீர்கள், திடீரென்று தரை பிளந்து கீழே செக்கச் செவேலென்று கிடக்கும். பார்க் சாலை 10 சதவீதச் சரிவில் இறங்குகிறது. இறங்கத் தொடங்கும் முன்பே டோ/ஹால் பட்டனை (சரிவில் கியரைத் தாழ்த்தி வைக்கும் பட்டன்) அழுத்தி, கியரை 2க்குக் குறையுங்கள், எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, பாதி வழியில் கருகின வாசம் வரும், அதற்கப்புறம் பெடல் தரை வரை போகும். ஒரு முறை அழுத்தி வேகத்தை நன்றாகக் குறைத்து, முழுக்க விட்டு, மறுபடி அழுத்துங்கள்.

பள்ளத்தாக்கின் அடியில் சாலை ரெட் ரிவரின் கிளையாற்றைத் தரைப்பாலங்கள் வழியாகப் பலமுறை கடக்கிறது. மேலே எங்கோ மழை பெய்தால்கூட இங்கே வெள்ளம் வரும். மழை அறிவிப்பு இருந்தால் தரைப்பாலங்களைத் தாண்டாத சைட்டாகக் கேட்டு வாங்குங்கள். ஓடும் நீரில் ஆர்.வி.யை இறக்கவே இறக்காதீர்கள். மழைக்குப் பின் ட்ரெயில்களை மூடிவிடுவதும் உண்டு. அந்தச் சிவப்புக் களிமண் ஈரமானால் ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ ஒட்டிக்கொண்டு வரும். மிதித்த தடம் காய்ந்ததும் கல்லாய் இறுகி, அடுத்த மழை அந்தப் பள்ளத்தை அரிக்கும்.

எல்லோரும் வருவது லைட்ஹவுஸ் ட்ரெயிலுக்கு. கலங்கரை விளக்கம் போல் நிற்கும் பாறை, சுமார் 310 அடி. போய்வர 6 மைலுக்குக் கொஞ்சம் குறைவு. பெரும்பகுதி மட்டமான பாதை என்பதால்தான் ஆபத்து. எளிதாக இருக்கிறதே என்று ஒரு பாட்டில் தண்ணீரோடு போய்விடுவார்கள். நிழல் கிடையாது, கடைசிப் பகுதி மட்டும் கையூன்றி ஏறும் செங்குத்து. வெயிலில் திரும்பி வரும்போதுதான் ஆட்கள் விழுகிறார்கள். இந்த பார்க்கில் வெப்பத்தால் பாதிக்கப்படுகிறவர்களும், கூட வரும் நாய்களும் அதிகம் சிக்குவது இந்தப் பாதையில்தான். ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் கணக்கில், பிள்ளைகளோடு 4 மணி நேர நடைக்கு 4 லிட்டர். பாதியை ஒரு பையில் தனியாக வைத்து, அதைத் தொட வேண்டிவந்தால் அந்த இடத்திலேயே திரும்புங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு. வெறும் தண்ணீரையே குடித்தால் வியர்வையில் போன உப்பு ஈடாகாது. பொடி தடவிய இட்லியும் எலுமிச்சை சாதமும் உப்போடு இருப்பதால் சிப்ஸ் வாங்க வேண்டிய வேலையே இல்லை. காலை 7.30க்குக் கிளம்பி 11.30க்குள் திரும்பிவிடுங்கள். பள்ளத்துக்குள் போன் சிக்னலை நம்பாமல் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். பாறை இடுக்கில் கை வைக்கும் முன் பாருங்கள், ராட்டில் பாம்பு அக்டோபரிலும் வெயில் காயும்.

உங்கள் அப்பா அம்மா பாதி தூரம் வந்து உட்கார்ந்துகொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள், உட்கார நிழல் கிடைக்காது. அவர்களுக்கு ஆற்றோரம் போகும் பாஸியோ டெல் ரியோ பொருத்தம், ஒரு வழி ஒரு மைல், மட்டமான பாதை. ட்ரெயில் தொடக்கத்தில் ஆர்.வி.க்கு இடம் கஷ்டம் என்பதால், பதிவு செய்யும்போதே வரைபடத்தில் லைட்ஹவுஸ் பாதைக்கு நடக்கும் தூரத்தில் உள்ள கேம்ப் பகுதியைத் தேடிப் பிடியுங்கள்.

நடக்கப் போகும் முன் வெளிக்கூரைத் துணியைச் சுருட்டி உள்ளே விட மறக்காதீர்கள். டெக்சஸின் வட முனையான இந்தப் பேன்ஹேண்டில் பகுதியில் காற்று சொல்லிவிட்டு வராது. ஒரே வீச்சில் கம்பியோடு கூரைமேல் மடக்கிவிடும், வாடகை வண்டிகளில் அடிக்கடி நடக்கும் சேதம் அதுதான். விறகு பொறுக்க அனுமதி இல்லை. நெருப்புத் தடை போட்டிருக்கிறார்களா என்றும் வாசலில் பாருங்கள். பொது இடத்தில் மது கூடாது. அக்டோபர் கடைசியில் இரவு உறைநிலை வந்தால் தண்ணீர் ஹோஸைக் கழற்றி வடித்துவிட்டு, உள் டேங்க் தண்ணீரில் ராத்திரியை ஓட்டுங்கள்.

கடைசி ராத்திரி லேக் ஆரோஹெட். ஏரிக்குள் நிற்கும் பழைய எண்ணெய்க் கோபுரங்களைப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும். மறுநாள் காலை அங்கேயே இரண்டு டேங்க்கையும் காலி செய்துவிடுங்கள், காலி செய்யாமல் திருப்பிக் கொடுத்தால் தனிக் கட்டணம் போடுவார்கள். பெட்ரோலையும் கேஸையும் எடுத்தபோது இருந்த அளவுக்கு நிரப்பி, மைல் மீட்டரையும் ஜெனரேட்டர் மணிக்கணக்கையும் போட்டோ எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.